கேட்காமல் வெட்டிய காடு

யூஸ்டன் பீசர் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த முள்காட்டை வெட்ட ஆரம்பித்த அன்றைக்கே நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யாரிடமாவது அனுமதி வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஆன்டிகுவாவில் பிறந்தவளுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

யூஸ்டனும் அவன் பெண்டாட்டி மெர்லினாவும் எங்கள் தீவுக்கு வடக்கே இருக்கும் பார்புடாத் தீவுக்காரர்கள். செப்டம்பரில் அடித்த புயலில் அந்தத் தீவில் கூரையோடு நின்ற வீடு அபூர்வம். பின்னாலேயே இன்னொரு புயல் வருகிறது என்று சொல்லி, இரண்டு மூன்று நாளில் மொத்த ஜனத்தையும் படகில் ஏற்றி எங்கள் தீவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாய்களும் கழுதைகளும்தான் அங்கே மிஞ்சின. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார், யார் வீட்டில் இடம் இருக்கிறது என்று கேட்டார். என் மகன் பர்மிங்ஹாமுக்குப் போனதிலிருந்து கீழறை சும்மாதான் கிடந்தது. நான் கையைத் தூக்கினேன். அன்று மத்தியானமே இருவரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு என் வாசலில் வந்து நின்றார்கள்.

மெர்லினாவுக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாது. ஆனால் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். புயலன்று கூரை பறந்த பிறகு, இருவரும் சிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்து, விடியும்வரை ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். யூஸ்டனின் விரல் அழுந்திய தழும்பு அவள் கையில் இன்னும் இருந்தது. முதல் வாரம் முழுக்கக் கீழறைக் கதவின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்தாள்.

"எங்க ஊர் வீட்டுல பூட்டே இல்ல மிஸ் எல்வா. கல்யாணமாகி இருபது வருசத்துல இப்பதான் முதல் தடவையாத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கறேன். சுகமா இருக்கு, போங்க!" என்றாள்.

மூன்றாம் மாதம் ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. காலையில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். சாயங்காலம் வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு துருவிக் கொடுப்பாள். சனிக்கிழமைதோறும் நான் கிழங்கையும் தேங்காயையும் பிசைந்து, வாழையிலையில் மடித்து அவித்து, டுக்கானா விற்கிறவள். கருவாட்டுக் குழம்போடு அதைத் தின்ன பக்கத்து ஊரிலிருந்துகூட ஆள் வரும். பத்து வருடமாகத் தனியாகத் துருவிய கை. பக்கத்தில் இன்னொரு கை சேர்ந்து துருவுகிற சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் துருவிக்கொண்டே சொன்னாள்: "அடிமைக் காலத்துல உங்க ஊர்த் தோட்டமும் எங்க தீவும் ஒரே துரை குடும்பத்துக்கிட்டதானே இருந்துச்சு. உங்க ஆளுங்களை இங்க கரும்பு வெட்ட வச்சான். அவங்களுக்குக் கறியும் கிழங்கும் அனுப்பறதுக்கு எங்க ஆளுங்களை அங்க மாடு மேய்க்க வச்சான். அங்க எவனாவது அடங்கலைன்னா என்ன சொல்லி மிரட்டுவானாம் தெரியுமா?"

"சவுக்கா?"

"சவுக்கு எல்லா இடத்துலயும்தான் இருந்துச்சு. 'ஆன்டிகுவா கரும்புக்கு அனுப்பிடுவேன்'னு சொல்வானாம். அவ்வளவுதான், பயலுக பொட்டிப் பாம்பு!" அவள் சிரித்த சிரிப்பில் துருவல் சிதறியது. "நாங்க என்ன தப்புப் பண்ணினோமோ, இந்தத் தடவை ஊரோட அனுப்பிட்டாங்க."

யூஸ்டனால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. அவன் மூழ்கிச் சிங்கிறால் பிடிக்கிறவன். தன் ஊர்க் கடலில் எந்தப் பாறைக்கு அடியில் எத்தனை இறால் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். எங்கள் கடல் அவனுக்கு அந்நியம். இரண்டு மாதம் என் வாசல்படியில் உட்கார்ந்து பஸ்களை எண்ணினான். பிறகு ஒரு காலையில் என் வெட்டுக்கத்தியை எடுத்துத் தீட்டிக்கொண்டு பின்பக்கம் போனான்.

அங்கே இருந்தது பழைய கரும்புத் தோட்டம். கரும்பு ஒழிந்து ஐம்பது வருடமாக, ஆடுகூட நுழையாத முள். அவன் அதை மூன்று வாரத்தில் திருத்தினான். வேரோடு கெல்லி, கல்லைப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கி, வெட்டிய முள்ளையே சுற்றிலும் போட்டு அடைத்தான். நடுவில் நின்ற புளியமரத்தை மட்டும் நிழலுக்கு விட்டான். கிழங்குக் கொடி, வெண்டை, துவரை, பூசணி என்று வரிசை வரிசையாக நட்டான். மழை பொய்த்த வருடம் அது. அவன் என் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றினான். ஜனவரி பாதிக்குள் பச்சை தழைத்துவிட்டது. இத்தனை வருடம் முள்ளாகவே பார்த்த இடம். ஒருநாள் காலையில் சன்னலைத் திறந்தபோது, எந்த ஊரில் இருக்கிறேன் என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை.

அன்றுதான் கேட்டேன்.

"யாரைக் கேட்டு வெட்டினே யூஸ்டன்?"

"என்னத்தக் கேக்கணும்?"

"இது யாரு நிலம்னு தெரியுமா உனக்கு?"

"யாரும் பயிர் வைக்கலையே மிஸ் எல்வா."

"வைக்கலைன்னா?"

"வைக்கலைன்னா நாம வைக்கலாம்ல?"

என்னைக் கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு எனக்குச் சொன்னான்.

"எங்க தீவு மொத்தமும் எங்க எல்லாருக்கும் பொது. அங்க வீடு கட்டணும்னா கவுன்சில்ல போய், இந்த இடத்துல கட்டிக்கிறேன்னு சொல்லணும். காடு திருத்தறதுக்கு அதுவும் வேண்டாம். வேற ஆளு பயிர் வைக்காத இடமா இருந்தா போதும். கழுதை நுழையாம முள்ளைப் போட்டு அடைச்சுக்க வேண்டியது. விளைஞ்சதை எடுத்துட்டு விட்டுட்டோம்னா, அடுத்தவன் வந்து வைப்பான்."

"அப்ப நிலத்தை விக்கறது வாங்கறது?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு இருந்ததை நான் யாருகிட்டப் போயி வாங்கறது?"

என் அப்பா தோட்டத்து நிலத்தில் குடியிருந்தவர். எங்கள் வீடு நாலு கல்லின் மேல் நின்ற மரவீடு. துரை போகச் சொன்னால் வீட்டைக் கழற்றி வண்டியில் ஏற்ற வேண்டும். இரண்டு தடவை அப்படி ஏற்றியிருக்கிறோம். அம்மா அடுப்பைக் கையில் பிடித்தபடி வண்டிக்குப் பின்னால் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்த அறுபதுக்கு நூறு அடி நிலத்தை வாங்க எனக்குப் பத்தொன்பது வருடம் டுக்கானா அவிக்க வேண்டியிருந்தது. பத்திரம் கைக்கு வந்த அன்று நிலத்தை நாலு சுற்றுச் சுற்றி நடந்தேன். அப்படிப்பட்டவளிடம் இவன் இப்படிப் பேசுகிறான்! கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு மலைப்புத்தான் வந்தது. ஒரே துரை, ஒரே கப்பலில் வந்த ஜனங்கள், நடுவில் முப்பது மைல் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அந்தப்பக்கம் இப்படி ஒரு மனிதன் வளர்ந்திருக்கிறான்.

பிப்ரவரியில் பிகட் வந்தார். நிலத்துக்காரர் டொராண்டோவில் இருக்கிறார். பிகட் அவருக்கு இங்கே காரியம் பார்க்கிறவர். கூடவே ஒரு இளம் போலீஸ்காரனையும் கூட்டி வந்திருந்தார். யூஸ்டன் விருந்தாளி வந்ததைப்போல வரவேற்று ஆளுக்கொரு பூசணிக்காயைக் கையில் கொடுத்தான். போலீஸ்காரன் வாங்கிக்கொண்டான். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் குழந்தையைப்போலக் கடைசிவரை இடுப்பிலேயே வைத்திருந்தான்.

"இது மிஸ்டர் சாமுவேலோட நிலம்," என்றார் பிகட்.

"அவரு எங்க இருக்காரு?"

"டொராண்டோவுல."

"வந்து பயிர் வைக்கப்போறாரா?"

"எழுபத்தெட்டு வயசு. அவரு எங்க வர்றது?"

"அவரு பிள்ளைங்க?"

"அவங்களுக்கு இந்த ஊரு எந்தத் திசைன்னே தெரியாது."

"அப்புறம் என்ன அண்ணே?" என்றான் யூஸ்டன், எல்லாம் தீர்ந்துவிட்டதைப்போல.

பிகட்டுக்கு முகம் சிவந்தது. "என்னய்யா அப்புறம்? அது அவருக்குச் சொந்தம்! சொந்தம்னா என்னன்னு தெரியாதா? திங்கட்கிழமைக்குள்ள எல்லாத்தையும் பிடுங்கிட்டு வெளிய போகணும். இல்லைன்னா கேசு."

"பிடுங்கிட்டா இங்க என்ன இருக்கும்?"

"முன்னாடி என்ன இருந்துச்சோ அதுதான்."

"முள்ளு," என்றான் யூஸ்டன்.

"ஆமா. முள்ளுதான்!"

இன்னும் மூன்று வாரம் விட்டிருந்தால் கிழங்கு பருத்திருக்கும். கெஞ்சிப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அன்று மத்தியான வெயிலிலேயே ஒரு கொடி விடாமல் பிடுங்கினான். விரல் கனத்துக்குத்தான் கிழங்கு பிடித்திருந்தது. எல்லாவற்றையும் கழுவிக் கூடையில் போட்டு என் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தான். மெர்லினா வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றவிடாமல் சொன்னான்:

"சனிக்கிழமை படகுல ஊருக்குப் போறேன்."

"போய்?"

"இருக்கப்போறேன்."

"கூரை இல்ல, கரண்டு இல்ல, குழாயில தண்ணி இல்ல. ஆளும் இல்ல."

"நாப்பது அம்பது பேரு திரும்பிட்டாங்களாம். என்னோட இறால் பிடிக்கிற டெஸ்வினே போயிட்டான்."

"டெஸ்வினுக்குப் பெண்டாட்டி இல்ல, எங்க வேணாலும் போவான்." மெர்லினா கூடையிலிருந்த குட்டிக்கிழங்கு ஒன்றை எடுத்தாள், வைத்தாள். "நான் வரலை பீசர். சத்தியமாச் சொல்றேன். அந்தக் காத்து என் தலைக்குள்ள இன்னும் அடிக்குது. புயலடிச்சதும் பறவைங்களே போயிடுச்சு, நீயே பார்த்தேல்ல? நம்ம ஊர்க் காயல்ல ஒரு பறவை மிச்சமில்ல. அதுங்களுக்கு இருக்கற புத்தி நமக்கு வேண்டாமா?"

"இங்க நான் என்ன செய்யறது மெர்லினா? ஒரு குச்சி ஒடிக்கணும்னாலும் கேக்கணும். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்குது."

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?"

"குறைஞ்சுதான் போயிட்டேன்," என்றான் அவன்.

வெள்ளிக்கிழமைவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருபது வருட தாம்பத்தியம் என் கீழறையில் இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது. நான் மேலே உட்கார்ந்து அவள் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெர்லினா மாடியேறி வந்தாள்.

"வீட்டை ஒரு தடவை பார்த்துட்டு, அவனை அங்க விட்டுட்டு, அதே படகுல திரும்பிடறேன். நீங்களும் வாங்க மிஸ் எல்வா. நீங்க கூட வந்தா திரும்பிடுவேன். தனியாப் போனா அவன் அழுது என்னை நிறுத்திடுவான்."

அறுபது வயதுவரை நான் பார்புடாவைப் பார்த்ததில்லை. ஒன்றரை மணி நேரப் பயணம்தான். எங்கள் ஊரில் பாதிப்பேர் பார்த்ததில்லை. அங்கே என்ன இருக்கிறது, கழுதையும் நண்டும்தானே என்போம்.

படகில் நான் மூன்று தடவை வாந்தி எடுத்தேன். எங்கள் தீவு மலையும் மேடுமாகக் கண்ணுக்கு மறைய வெகுநேரம் ஆயிற்று. இவர்கள் தீவோ கிட்டே போகும்வரை தெரியவே இல்லை. தண்ணீர்மேல் யாரோ கோடு கிழித்ததுபோல இருந்தது. அந்தக் கோட்டில்தான் இறங்கினோம்.

ஆகாயம் தரையைத் தொட்டுக்கொண்டு நாலாப்பக்கமும் கிடந்தது. ஆள் இல்லை, கட்டடம் இல்லை. கடற்கரை மணல் இளஞ்சிவப்பாக, போய்க்கொண்டே இருந்தது. ஏழெட்டுக் குதிரைகள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாதையைக் கடந்து போயின. "யாரு குதிரை?" என்று கேட்டேன். யூஸ்டன், "குதிரைங்களோட குதிரை," என்றான். ஊர்வரை மூன்று மைல், டெஸ்வினின் லாரியில் நின்றுகொண்டே போனோம். என் கண் தானாக வேலியைத் தேடியது. ஒரு கம்பி, ஒரு எல்லைக்கல், ஒரு 'உள்ளே வராதே' பலகை, எதுவும் இல்லை. தேடித் தேடிக் கண் சலித்து நின்றபோது என் தோளில் இருந்து எதையோ இறக்கி வைத்தமாதிரி இருந்தது. அது என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஊருக்குள் வீடுகள் நொறுங்கிக் கிடந்தன. மெர்லினாவின் வீட்டில் நாலு சுவர் இருந்தது. படுக்கையறையில் கழுதைச் சாணி. சமையலறை அலமாரியில் ஒரே ஒரு பீங்கான் கோப்பை மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்தாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"பார்த்தாச்சு, போலாம்," என்றாள் என்னிடம்.

"படகு நாலு மணிக்குத்தான்," என்றான் யூஸ்டன். "டெஸ்வினோட தோணி இருக்கு. காயலுக்குப் போயிட்டு வருவோம். மிஸ் எல்வா பார்க்கட்டும்."

"அங்க என்ன இருக்கு பார்க்க?"

"தண்ணி இருக்கு," என்றான்.

காயலின் நடுவரை யூஸ்டன் தோணியை நேராக ஓட்டிப்போனான். சதுப்பு மரங்கள் தூரத்தில் கருகிய குச்சிகளாகத் தெரிந்தன. கிட்டப் போகப் போக, அந்தக் குச்சிகளின் மேல் சிவப்புச் சிவப்பாக என்னவோ இருந்தது. துணி சிக்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். யூஸ்டன் மோட்டாரை நிறுத்தினான். அப்போது சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் சேர்ந்து பலகையில் விரலால் தட்டுகிற சத்தம்.

பறவைகள். போர்க்கப்பல் பறவை என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் கரிய பெரும் பறவைகள். ஆண்கள் கழுத்துப் பையைச் சிவப்புப் பலூனாக ஊதிக்கொண்டு, அலகால் அதன்மேல் தட்டிப் பெண்களை அழைத்துக்கொண்டிருந்தன. இலையற்ற ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு கவட்டிலும் இருந்தன. மேலே பார்த்தேன். ஆகாயம் முழுக்க அவை அசையாத இறக்கையோடு மிதந்தன, அடுக்கு மேல் அடுக்காக, கண் எட்டாத உயரம்வரை. ஒன்று என் தலைக்கு மேலே தாழ்ந்து வந்தபோது அதன் நிழல் மூவரையும் மூடிக் கடந்தது. கும்பிடவேண்டும்போல இருந்தது. கும்பிட்டேன்.

"இதுங்க எப்ப வந்துச்சு?" மெர்லினா அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாள்.

"நாம இங்கேருந்து போன சில வாரத்துலயே வந்துடுச்சாம். டெஸ்வின் சொன்னான்."

"கூடு கட்டக் குச்சிகூட இல்லையே!"

"ஒண்ணோட குச்சியை இன்னொண்ணு பிடுங்கிக் கட்டுதுங்க. பாரு."

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திரும்பும்போதும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மனம் மாறிவிட்டது என்று யூஸ்டன் நினைத்துக்கொண்டான், அவன் முதுகிலேயே அது தெரிந்தது. ஆனால் கரை ஏறியதும் அவள், "அழகாத்தான் இருக்கு. அதுங்களுக்கு இறக்கை இருக்கு, எனக்கு இல்ல. காத்து வந்தா அதுங்க போயிடும், நான் எங்க போவேன்?" என்றாள். அவன் முதுகு கூனிப்போயிற்று.

லாரிக்கு நடந்தோம். பாதையோரத்தில் இடிந்த சுவர் ஒன்றை ஒட்டிச் சீத்தாமரம். புயலில் சாய்ந்து, சாய்ந்தபடியே துளிர்த்து, எப்படியோ நாலைந்து பழங்கள் விட்டிருந்தது. ஒன்று பழுத்து வெடித்திருந்தது. காலையிலிருந்து மூவரும் பட்டினி. மெர்லினா அதன்கீழ் போய் நின்று கையைத் தூக்கினாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"இது யாரோட மரம்?"

முன்னால் போன யூஸ்டன் நின்றுவிட்டான். திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைத் தேடுகிறவனின் பார்வை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நியாயமான கேள்விதானே என்று நான் நினைத்தேன்.

மெர்லினா தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்து, அலமாரிக் கோப்பையைப் பார்த்து அழாதவள், குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"என்னடி, என்ன ஆச்சு?" நான் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேட்டுட்டேன் மிஸ் எல்வா. எங்க ஊர் மரத்துக்கிட்ட நின்னு யாரோடதுன்னு கேட்டுட்டேன். பொறந்ததுலேருந்து இந்த வார்த்தை என் வாயில வந்ததில்ல. அஞ்சு மாசம்தானே இருந்தேன் அங்க! அதுக்குள்ள கை நீள்றதுக்கு முன்னாடி வாய் கேக்குது."

"அது ஒரு குத்தமா? நாங்க எல்லாரும் கேக்கறோம்."

"நீங்க கேக்கணும். உங்களுக்குக் கேக்காம ஒண்ணும் கிடைக்கலை. எனக்கு வச்சிருந்தாங்களே! எனக்குன்னு வச்சிட்டுச் செத்தாங்களே எங்க பாட்டன் பூட்டன் அத்தனை பேரும்!"

யூஸ்டன் பழத்தைப் பறித்து, பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினான். அவள் அழுதுகொண்டே தின்றாள். கொட்டையைத் துப்பினாள். மிச்சப் பாதியை அவன் எனக்குக் கொடுத்தான். யாருடையது என்று தெரியாத பழத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் தின்றேன். யாராவது வந்து அதட்டப்போகிறார்கள் என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் வரவில்லை.

நாலு மணிக்குப் படகு கிளம்பத் தயாராக நின்றது. நான் ஏறிவிட்டேன். மெர்லினா கரையிலேயே நின்றாள்.

"சலவைக்கூடத்துல மிஸ் அயோனாகிட்டச் சொல்லிடுங்க. நல்லவங்க. வரமாட்டேன்னு சொன்னா திட்டுவாங்க, திட்டு வாங்கிக்கோங்க."

"பயம் போயிடுச்சா உனக்கு?"

"எங்க போச்சு? மறுபடியும் காத்து வரும். வரட்டும்."

யூஸ்டன் அவளுக்குப் பின்னால் நின்று மணலையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் அழுதுவிடுவான். படகுக்காரன் கயிற்றை அவிழ்த்தான். தனியாகத் திரும்பப்போகிற ஆத்திரத்தில் நான் கத்தினேன்:

"பைத்தியக்காரி! வீட்டுல கூரை இல்லடி! இன்னைக்கு ராத்திரி எங்கடி படுப்பே?"

மெர்லினா திரும்பிப் பார்த்தாள். கையை நீட்டி, இந்தக் கடலோரத்தில் தொடங்கி, மணல், புதர், குதிரைகள், தூரத்துக் காயல் என்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"எங்க வேணும்னாலும்," என்றாள்.